மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் சாம்பலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டேப்லெட்டில் வரையும்போது நீலத்தின் மேல் மஞ்சளை 50% ஒபாசிட்டியில் (அடியிலுள்ள நிறம் பாதி தெரியும்படி) தீட்டினால் பச்சை வருவதில்லை, சாம்பல்தான் வருகிறது. வாட்டர் கலரில் இப்படி ஆனதில்லையே?

பதில்: வாட்டர் கலரில் நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கிவிடும். இரண்டிடமும் தப்பிப்பது பச்சை. மென்பொருளில் சாயம் ஏது? அங்கே ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள் (0 முதல் 255 வரை). கலப்பு என்பது அந்த எண்களின் சராசரிதான். நீலம் (0, 0, 255), மஞ்சள் (255, 255, 0). பாதிக்குப் பாதி சேர்த்தால் (128, 128, 128). சுத்தமான சாம்பல்! இதில் உங்கள் கைமேல் குற்றமில்லை.

ஆகவே இடைநிறத்தை பிரஷ் பொறுப்பில் விடாமல் நீங்களே வைத்துவிடுங்கள். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே (0, 170, 90) பச்சையை முழு ஒபாசிட்டியில் ஒரு பட்டையாகத் தீட்டுங்கள். பிறகு பச்சையையே இரு ஓரங்களிலும் 50%-இல் ஒரே தடவை இழுங்கள். நீலப் பக்கம் ஏறக்குறைய (0, 85, 172), மஞ்சள் பக்கம் (128, 212, 45) வரும். இரண்டும் பளிச்சென்ற நிறங்கள். அடுத்த தீற்றலுக்கு அங்கிருந்தே நிறத்தை எடுங்கள் (போட்டோஷாப்பில் ஆல்ட், கிரிட்டாவில் கன்ட்ரோல் விசை). நிறத்தைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் டூலைக் கடைசியில், அதுவும் ஓரங்களில் மட்டும் தொடுங்கள். ஒவ்வொரு தேய்ப்பும் இன்னொரு சராசரி. தேய்க்கத் தேய்க்க நீலமும் மஞ்சளும் மறுபடி சந்தித்துச் சாம்பலாகும்.

கேள்வி: முகத்தில் நிழல் போட்டால் அழுக்கு அப்பியதுபோல் இருக்கிறது. கறுப்பைக் குறைத்தும் சரியாகவில்லை.

பதில்: கறுப்பையே விடுங்கள். தோல் நிறம் (230, 180, 150) என்றால், மேலே 50% கறுப்பு விழுந்ததும் (115, 90, 75). ஸ்லைடரில் சாச்சுரேஷன் (நிறச் செறிவு) முன்போலவே 35% காட்டும். அதை நம்பி ஏமாறாதீர்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 80 இருந்த வித்தியாசம் 40 ஆகிவிட்டது, கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது அதுதான்.

மல்டிப்ளை லேயரில் (அடியிலுள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் அடுக்கு) சாம்பலுக்குப் பதில் மங்கிய ரோஜா நிறம் (155, 113, 122) போட்டுப் பாருங்கள். நிழல் (140, 80, 72) ஆகும்: ஹ்யூ (நிறவட்டத்தில் நிறம் இருக்கும் கோணம்) 22-இலிருந்து 7-க்கு, சிவப்பை நோக்கி நகரும், சாச்சுரேஷன் 49%-க்கு ஏறும். இது வெதுவெதுப்பான நிழலுக்கான கணக்கு. திறந்த வானத்தின் கீழ் நிற்கும் முகத்துக்கு நிழலை நீலப் பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு நிற எண்ணையும் சேமிக்கும் அளவை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றினால் நிறம் தெளியுமா?

பதில்: தெளியாது. கிரேடியன்டில் (ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் பரப்பில்) படிப்படியாகத் தெரியும் கோடுகள்தான் மறையும். கலப்பை மாற்றும் அமைப்பு வேறு: போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில், நிறங்களைக் கலக்கும் காமாவை (எண்ணுக்கும் ஒளி அளவுக்கும் உள்ள தொடர்பு) 1.00 ஆக்கினால் சிவப்பும் பச்சையும் கலக்கும் ஓரத்தின் இருட்டு விலகும்: (128, 128, 0) இருந்த இடத்தில் (188, 188, 0). நீலம்–மஞ்சளுக்கு அதனாலும் பயனில்லை, அதே சாம்பல் சற்று வெளிறி வரும். பழைய படங்களின் லேயர்களும் வேறு மாதிரித் தெரியும் என்பதால், பாதி வேலையில் இதை மாற்றாதீர்கள். சாயம்போலவே கலக்க வேண்டுமென்றால் ரெபெல் ப்ரோ என்ற ஓவிய மென்பொருளில் அதற்கென்றே பிக்மென்ட் வசதி இருக்கிறது.