அம்மாவின் பாசி நோட்டுக்கு ஒரு விண்டோ

அக்கா, நேற்று நீங்கள் மண்டபம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போனில் கேட்டதற்கு, ஹாரன் சத்தத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. இப்போது உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, தேவிபட்டினம் பக்கம் இதே கேள்வியோடு இருக்கிற அம்மா அப்பாக்கள் நிறையப் பேர், அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் சொன்னது இதுதான். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம் முடிக்கப் போகிறாள். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த பழைய லேப்டாப்பில் ராத்திரி பதினோரு மணி வரை ஏதோ டைப் செய்கிறாள், எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு எண் வருகிறது, அவ்வளவுதான். "ஒரு படம்கூட வரல, இத வச்சு யாரு தம்பி வேலை குடுப்பா" என்று உங்களுக்குப் பயம். அவளுக்கும் அதே பயம் இருக்கிறது, உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். இதற்கு நடுவில் டவுனில் ஒரு சென்டரில் ஆறு மாசக் கோர்ஸ், 45,000 ரூபாய், முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்கள். செயினை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டீர்கள்.

வைக்காதீர்கள் அக்கா. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் மச்சானுக்கு வருமானம் கிடையாது, அந்த நேரத்தில் வட்டி ஏறும் கடன் எதுவும் வேண்டாம். வேலை நிச்சயம் என்று யார் சொன்னாலும் அதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே மாறிவிடும். பாப்பாவுக்கு இன்றைக்கு வேண்டியது இன்னொரு கோர்ஸ் இல்லை. ஆரம்பித்து, முடித்து, வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பயன்படுத்த வைத்த ஒரே ஒரு சின்ன புரோகிராம். அது அவளிடம் இன்னும் இல்லை, கூடப் படிக்கிற முக்கால்வாசிப் பேரிடமும் இல்லை. கடைசி வருஷம் ப்ராஜெக்ட் என்று எல்லோரும் அதே நூலக நிர்வாகம், அதே மாணவர் பட்டியல், பலதும் காசு கொடுத்து வாங்கியது. இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவர் "இந்தப் பட்டன் ஏன் இங்கே இருக்கிறது" என்று ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது. இந்தப் பிள்ளைகளோடு பல வருஷமாகப் பேசுகிறவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

சரி, எதைச் செய்வது? உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் பாசி நோட்டு.

நீங்கள் கடற்பாசி வளர்க்க 40 மூங்கில் மிதவை போட்டிருக்கிறீர்கள். ஊரில் பெப்சிப் பாசி என்று சொல்கிறோமே, அது கட்டிய நாளிலிருந்து 45 நாளில் அறுக்க வேண்டும், நாள் தள்ளினால் முற்றி முறிந்து அலையோடு போய்விடும். நாற்பது மிதவையும் ஒரே நாளில் கட்டியதில்லை. எது எப்போது கட்டியது என்று நனைந்த நோட்டில் பென்சிலால் எழுதி, விரல் விட்டு எண்ணி, போன மாசம் ஒரு வரிசையைப் பத்து நாள் தவற விட்டதாக நீங்களே சொன்னீர்கள். பாப்பா முதலில் செய்ய வேண்டியது இதற்குத்தான். மிதவை எண்ணையும் கட்டிய தேதியையும் போட்டு ஒரு பட்டனை அமுக்கினால், அறுக்க வேண்டிய தேதியைப் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு விண்டோ. செலவு ஒரு ரூபாய் கிடையாது, தினம் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு வாரத்தில் உங்கள் கையில் தந்துவிடுவாள். தடைக்காலமும் அவளுடைய லீவும் சேர்ந்தே வருகின்றன, நாள் தாராளமாக இருக்கிறது.

இனி வருவது பாப்பாவுக்கு. போனை அவளிடம் கொடுங்கள்.

பாப்பா, பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலேயே நீ பைதான் படித்துவிட்டாய், காலேஜிலும் அதே ஓடுகிறது. அதோடு கூடவே டிகின்டர் என்ற ஒன்று வருகிறது, விண்டோ, பட்டன், எழுதும் பெட்டி எல்லாம் அதில் செய்யலாம். ரொம்ப லேசானது, அந்தப் பழைய லேப்டாப்பே போதும். அதில் இருப்பது விண்டோஸ் 7 என்றால் பைதான் 3.8-ஐப் போடு, 3.9-இலிருந்து அதில் ஓடாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தால் டிகின்டரைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டி வரலாம். கமாண்ட் திரையில் பைதான், ஒரு இடைவெளி, மைனஸ் எம், ஒரு இடைவெளி, டிகின்டர் என்று அடித்துப் பார், ஒரு குட்டி விண்டோ எழுந்து வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம், உன் பைலுக்கு டிகின்டர் என்றே பெயர் வைத்துவிடாதே. பைதான் நிஜ டிகின்டரை விட்டுவிட்டு உன் பைலையே எடுத்துக்கொள்ளும், எங்கே தப்பு என்று தேடியே அன்றைய நாள் போய்விடும்.

முதல் நாள் விண்டோவைத் தொடாதே. ஒரு தேதியைக் கொடுத்தால் 45 நாள் கூட்டித் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் மட்டும் எழுது, அந்தக் கறுப்புத் திரையிலேயே ஓட்டிப் பார். பைதானிலேயே டேட்டைம் இருக்கிறது, அதில் நாள் கூட்டுவதற்கு டைம்டெல்டா இருக்கிறது, மாசத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரி 29 வருமா என்பதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் 20 கொடுத்தால் ஜூன் 4 வர வேண்டும். ஜனவரி 20 கொடுத்தால் சாதாரண வருஷத்தில் மார்ச் 6, லீப் வருஷமான 2028-இல் மார்ச் 5. இந்த மூன்றும் சரியாக வந்த பிறகுதான் அடுத்தது. கணக்கும் விண்டோவும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தால், தப்பு வரும்போது எதில் தப்பு என்றே தெரியாது. ஆரம்பத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாவது நாள் லேப்டாப்பையே மூடி வை. ஒரு பேப்பரில் விண்டோவை வரைந்து அம்மாவிடம் காட்டு. நீ "விதைத்த தேதி" என்று எழுதியிருப்பாய், அம்மா "கட்டுன தேதின்னு போடு" என்பார், அவர் சொன்னதையே போடு. ஈரக் கையோடு வந்து பார்ப்பவர், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 8-க்கு மேல் என்றால் நிர்மலா யுஐ என்ற ஃபான்ட் இருக்கும், அதில் தமிழ் நன்றாகத் தெரியும், அளவு 18 வைத்துப் பார்.

அதற்கப்புறம் விண்டோ. இதில் ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் புரிந்துகொள். காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் இதுவரை நீ எழுதியதெல்லாம் ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடுகிற மாதிரி. முதல் தீர்த்தம், இரண்டாவது தீர்த்தம் என்று வரிசை மாறாது, புரோகிராம் கேட்கும், நாம் பதில் சொல்வோம், அடுத்ததற்குப் போகும், கடைசியில் முடிந்துவிடும். விண்டோ அப்படி இல்லை, அது டீக்கடை. கடைக்காரர் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு நிற்கிறார், அடுத்து யார் வருவார், டீயா பன்னா எதைக் கேட்பார் என்று அவருக்குத் தெரியாது, கேட்டதைக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து நிற்கிறார். அப்படிக் காத்து நிற்பதற்குப் பெயர்தான் மெயின்லூப். அதனால்தான் அது புரோகிராமின் கடைசி வரியாக இருக்கிறது, அதை எழுத மறந்தால் விண்டோ வந்த சுவடே தெரியாமல் போகிறது. கொஞ்ச நேரம் பொறுத்து ஒன்றைச் செய்யலாம் என்று ஸ்லீப் போட்டாயானால் கடைக்காரரே தூங்கிவிட்டதாக அர்த்தம், விண்டோ அப்படியே உறைந்து நிற்கும். அதற்கு ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

எழுத்தைக் காட்டும் லேபிள், எழுதும் பெட்டியான என்ட்ரி, பட்டன் இந்த மூன்றும் போதும். இடம் பிரித்து வைக்க கிரிட், நோட்டில் கட்டம் போடுகிற மாதிரி இத்தனாவது வரிசை இத்தனாவது பத்தி என்று சொன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பேக் என்று இன்னொரு வழியும் உண்டு, ஆனால் ஒரே விண்டோவுக்குள் இரண்டையும் கலக்காதே, எர்ரர் வரும்.

எல்லோரும் இடறும் இடம் பட்டன். பட்டனிடம் "உன்னை அமுக்கினால் இந்த ஃபங்ஷனை ஓட்டு" என்று ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியும் போட்டுவிடுவோம். போட்டால் பைதான் அந்த வரியைப் படிக்கும்போதே ஃபங்ஷனை ஓட்டி முடித்துவிடும், பட்டன் கைக்கு ஒன்றும் போய்ச் சேராது. விண்டோ திறந்ததுமே விடை வந்து நிற்கிறது, அப்புறம் எத்தனை தடவை அமுக்கினாலும் அசையவில்லை என்றால் வேறெங்கும் தேடாதே, அந்த அடைப்புக்குறியைப் பார். தேவிபட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவன் இதனாலேயே இரண்டு நாள் தூங்கவில்லை, லேப்டாப்பில்தான் கோளாறு என்று கடைக்கே எடுத்துப் போய்விட்டான். அவன் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பியபோது இரண்டு எழுத்தை அழிக்கச் சொன்னேன், ஓடிவிட்டது.

இன்னொன்று, என்ட்ரி பெட்டியைச் செய்கிற வரியின் வாலிலேயே கிரிட்டையும் ஒட்டி எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்தால், அந்தப் பெயருக்குள் பெட்டி இருக்காது, வெறுமைதான் இருக்கும். செய்வது ஒரு வரி, கிரிட் அடுத்த வரி. பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துதான், எண் கிடையாது. 12-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 128 என்று காட்டும், இன்ட் போட்டு எண்ணாக மாற்றிக்கொள். தேதியை டைப் செய்ய விட்டால் அம்மா 20.4 என்று போடுவார், நீ 20/04/2026 என்று எதிர்பார்ப்பாய், அதனால் நாள், மாசம், வருஷம் மூன்றுக்கும் தேர்ந்தெடுக்கும் பெட்டி வை, அதற்கு காம்போபாக்ஸ் என்று பெயர், டிகின்டரோடு வரும் டிடிகே-யில் இருக்கிறது. அப்படியும் யாராவது பிப்ரவரி 30 போடுவார்கள். அந்த நேரத்தில் சிவப்பு எழுத்து ஆங்கிலத்தில் வந்து அவரைப் பயமுறுத்தக் கூடாது, தப்பைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை, எக்செப்ட் போட்டு "தேதியைச் சரிபாருங்கள்" என்று தமிழில் ஒரு சின்னப் பெட்டி வர வை. என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலையில்தான் நல்ல புரோகிராமர் யார் என்று தெரியும்.

விண்டோவை மூடினாலும் தேதிகள் போய்விடக் கூடாது, கமா போட்டுப் பிரித்து வைக்கும் சிஎஸ்வி பைலில் எழுது. தமிழ் எழுத்தும் அதில் போகும் என்பதால் பைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் விண்டோஸில் எர்ரர் அடிக்கும். எல்லாம் முடிந்ததும் பைல் பெயரின் கடைசியில் பிஒய் என்பதை பிஒய்டபிள்யூ என்று மாற்று. இனி அம்மா இரட்டைக் கிளிக் செய்தால் அந்தக் கறுப்புத் திரையே வராது, விண்டோ மட்டும்தான் வரும்.

ஏஐ-யிடம் கேட்டால் முழு புரோகிராமையும் அரை நிமிஷத்தில் தந்துவிடும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேள், தப்பில்லை. ஆனால் முதல் விண்டோவை நீயே அடி, மாட்டிக்கொண்ட வரியை மட்டும் அதனிடம் கேள், சொன்னதை உன் வார்த்தையில் நோட்டில் எழுதி வை.

அக்கா, போனை வாங்கிக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். டிகின்டர் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் அதிகம் வராது. கம்பெனிகள் கேட்பது வெப்சைட் வேலை, மொபைல் ஆப் வேலை. ஆனால் ஒரு பட்டனை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும், தப்பாகப் போட்டால் என்ன சொல்ல வேண்டும், பயன்படுத்துகிறவர் யார், இதெல்லாம் அங்கேயும் அதேதான். இதை முடித்தவள் இரண்டாம் வருஷத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போனால் பாதி தெரிந்த ஊருக்குப் போகிற மாதிரி இருக்கும். அதற்கான பாடங்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் வரும் என்பிடெல்லில் வீடியோ இலவசம், சர்டிபிகேட் வேண்டுமென்றால் மட்டும் பரீட்சைக் கட்டணம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. நான் முதல்வன் திட்டத்தில் காலேஜிலேயே வரும் கோர்ஸைத் தட்டிக்கழிக்காமல் செய்யச் சொல்லுங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் வரும் 1,000 ரூபாயில் நெட் ரீசார்ஜுக்குப் போக மீதியை அவள் கணக்கிலேயே விடுங்கள். இரண்டாம் வருஷம் முடியும்போதும் ஏதாவது கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம், அன்றைக்கு எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவள் முதல் தடவை கொண்டுவந்து காட்டும்போது அவளை வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நீங்களே ஒரு மிதவையின் தேதியைப் போட்டுப் பாருங்கள். எங்கே கை நின்றது, எந்தச் சொல் புரியவில்லை என்று சொல்லுங்கள், நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை அவள் எழுதிக்கொண்டு திருத்தட்டும். அப்படி இரண்டு மூன்று தடவை திருத்தியதைத்தான் நாளைக்கு இன்டர்வியூவில் அவள் சொல்லப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடலுக்குப் போய்விட்டுக் கரையேறியதும், நோட்டில் கட்டின தேதிகள் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பப் பாப்பாவிடம் சொல்லுங்கள். நனைந்த பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் எந்த மிதவையில் ஆரம்பிப்பது என்று நானும் பாப்பாவும் பேசிக்கொள்கிறோம்.