ஜெர்மனிக்கு வந்தும் மகிழ்ச்சி இல்லையே, குறை என்னிடமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சியைச் சேர்ந்தவள். ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். என் கணவர் சூரிய மின்சக்தித் துறையில் ஆய்வு செய்பவர். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபுர்க் நகரில் இந்தக் கோடைக்காலம் முழுவதும் ஆய்வு செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததால், நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, ஐந்து வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் ஜூன் தொடக்கத்தில் உடன் வந்தேன். ஷெங்கன் விசாவில் தொண்ணூறு நாட்கள் தங்கலாம் என்பதால் ஆகஸ்ட் இறுதி வரை இங்கேதான் இருப்பதாகத் திட்டம்.

ஊர் அழகானது. டிராம் வசதி இருக்கிறது, நடக்கும் தூரத்திலேயே பூங்காக்கள் இருக்கின்றன, எங்கும் சுத்தம். ஆயினும் நான் நாள்தோறும் மாலையில் அழுகிறேன். கணவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். அதன் பிறகு அவர் திரும்பும்வரை பெரியவர் ஒருவரோடு ஒரு முழு வாக்கியம் பேசும் வாய்ப்புகூட எனக்கு அமைவதில்லை. சில மாதங்களுக்கு மட்டும் வந்திருக்கும் குழந்தைகளுக்கு இங்குள்ள மழலையர் பள்ளிகளில் இடம் கிடைப்பது அரிது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. "இன்னும் வெயில் அடிக்கிறதே, எப்படித் தூங்குவது?" என்று மகள் கேட்கிறாள், மகனோ பத்தரை மணிவரை அழுதுகொண்டே இருக்கிறான்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழ்வீட்டில் தனியாக வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர் அழைப்பு மணியை அடித்து, குழந்தைகள் ஓடும் சத்தம் தாங்கவில்லை என்று சொல்லிச் சென்றார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று முதல் "ஓடாதே, குதிக்காதே, மெதுவாகப் பேசு" என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் வருவதில்லை. இப்போது மகள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கிறாள். கை தவறி ஒரு பொம்மை தரையில் விழுந்தால், பொம்மையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள்.

மூன்று வயதிலேயே நின்றுவிட்ட படுக்கையை நனைக்கும் பழக்கம் அவளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் ஓயாமல் பேசும் பெண், விளையாட்டுத் திடலுக்குப் போனால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்கிறாள். இரவில் வீடியோ அழைப்பில் அப்பாயியின் முகத்தைப் பார்த்ததும் ஊருக்குப் போகலாம் என்று அழத் தொடங்கிவிடுகிறாள். ஒருநாள் மட்டும் கொஞ்சம் மாறுதல் தெரிந்தது. இந்நகரின் தெருவோரங்களில் பெக்லே என்ற சிறிய நீரோடைகள் ஓடுகின்றன. பிள்ளைகள் அவற்றில் மரப்படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வார்கள். எங்கள் படகின் கயிறு கை நழுவி ஓட, யாரோ ஒரு சிறுமி துரத்திப் பிடித்துக் கொடுத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

வார இறுதி நாட்களில் கணவர் எங்களை எங்காவது அழைத்துச் செல்கிறார். டிட்டிஸே ஏரி, ஸ்ட்ராஸ்பர்க், ரைன் அருவி, யூரோப்பா பார்க் எல்லாம் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் ரயிலில் ஒரு குழந்தையாவது கத்தி அழுகிறது; களைத்துத்தான் வீடு திரும்புகிறோம். "எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு? நீ ஏன் அனுபவிக்க மறுக்கிறாய்?" என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு முன்கூட்டியே திருச்சிக்குத் திரும்பிவிடலாமா? என் மகளுக்கு மனரீதியாக ஏதேனும் பாதிப்பு ஏற்பட்டுவிட்டதா? குறை என்னிடம்தானா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். குறை உங்களிடம் இல்லை. திருச்சியில் உங்கள் ஒரு நாளை எத்தனை பேர் தாங்கிப் பிடித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாமியார் மகனுக்குச் சோறு ஊட்டியிருப்பார், பள்ளி வேன் மகளை அழைத்துச் சென்றிருக்கும், வேலைக்கு உதவ ஒருவர் வந்திருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் விளையாடியிருப்பார்கள், கல்லூரியில் உங்களை ஒரு ஆசிரியராக மதித்துப் பேச மாணவர்களும் சக ஊழியர்களும் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் இல்லாமல் போக, அவர்கள் எல்லோரும் செய்த வேலை உங்கள் ஒருவர் மீது விழுந்திருக்கிறது. உங்கள் கணவருக்கு ஊர் மாறியிருக்கிறதே தவிர, வேலையும் சக ஆய்வாளர்களும் அன்றாட ஒழுங்கும் அப்படியே இருக்கின்றன. உங்கள் மாலை நேர அழுகை, கிடைத்த வாய்ப்பின் அருமை தெரியாததால் வருவதன்று. இழந்தவற்றின் கணக்கை யாரும் கேட்காததால் வருவது.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றில், நிலையான பாதிப்பு ஏற்பட்டுவிட்டது என்று நினைக்கும்படியாக எதுவும் இல்லை. பழகிய வீட்டையும் மனிதர்களையும் பிரியும்போது, நின்றுபோன படுக்கை நனைப்பு சிறிது காலம் திரும்பி வருவதை ஐந்து வயதுக் குழந்தைகளிடம் அடிக்கடி காண்கிறோம். காலையில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் விரிப்பை மாற்றுங்கள். தம்பியின் முன்னாலோ வீடியோ அழைப்பிலோ சொல்லவே வேண்டாம். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான தாகம், பகலிலும் அடக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடலில் அவள் பேசாமல் நிற்பதும் அப்படித்தான். தனக்குத் தெரியாத மொழி சுற்றிலும் ஒலிக்கும் இடத்தில், சிறு குழந்தைகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வாய் திறக்காமல் கவனித்துக்கொண்டே இருப்பது இயல்பு. "ஹலோ சொல்லு, போய் விளையாடு" என்று தள்ளிவிட வேண்டாம். நீங்களே மணலில் உட்கார்ந்து தோண்டத் தொடங்குங்கள். அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள், பிறகு வேறொரு குழந்தையும் வரும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய படகுச் சம்பவத்தை நான் இரண்டு முறை படித்தேன். அந்தச் சிறுமியோடு சிரிக்க உங்கள் மகளுக்கு மொழி தேவைப்படவில்லை. புதிய இடங்களைத் தேடிக்கொண்டிருக்காமல், அதே தெருவுக்கு, அதே நேரத்தில், அதே படகோடு மறுபடியும் மறுபடியும் செல்லுங்கள். விளையாட்டுத் திடலிலும் அப்படியே செய்யுங்கள். ஒரே நேரத்தில் வருபவர்களின் முகங்கள் சில நாட்களில் பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் உங்கள் மகளுக்கு இப்போது தேவை. உங்களுக்கும்தான்.

தூக்கத்தைச் சீர்செய்யாமல் மற்ற எதையும் சீர்செய்ய முடியாது. இருட்டத் தொடங்கும்போதுதான் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. வெளிச்சம் அதைத் தள்ளிப்போடுகிறது. ஜூன் மாதத்தில் திருச்சியில் ஆறே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். உங்கள் பிள்ளைகளின் உடல் அதற்குப் பழகியது. எனவே மாலை நேரத்தைச் சூரியனிடம் விடாமல் கடிகாரத்திடம் ஒப்படையுங்கள். ஜெர்மன் வீடுகள் பலவற்றில் சன்னலுக்கு வெளியே உருட்டி இறக்கும் ஷட்டர் உண்டு; உங்கள் வீட்டில் இருந்தால் ஏழரை மணிக்கு அதை இறக்கிவிடுங்கள், இல்லையெனில் கனத்த துணியால் சன்னலை மூடுங்கள். பிறகு குளியல், மங்கலான விளக்கு, ஒரு கதை. முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று பார்க்காமல், காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி, உடனே வெளிச்சத்துக்கு அழைத்து வாருங்கள். ஐந்து வயதில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகனுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து பதினொன்று முதல் பதினான்கு மணி நேரம் வேண்டும். அது கிடைக்காத குழந்தை ரயிலில் கத்தாமல் என்ன செய்யும்?

வீடியோ அழைப்பை இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். கோடையில் இரு நாடுகளுக்கும் இடையே மூன்றரை மணி நேர வித்தியாசம். உங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் அப்பாயிக்கு நள்ளிரவை நெருங்கும் பதினொன்றரை. அவரும் களைத்திருப்பார், குழந்தையும் களைத்திருக்கும், பேச்சு அழுகையில்தான் முடியும். காலை ஒன்பது மணிக்கு அழைத்தால் அங்கே பன்னிரண்டரை. அப்பாயி கதை சொல்ல, மகள் அதைக் கேட்டபடியே இட்லியோ ரொட்டியோ சாப்பிடட்டும்; அந்த நேரத்தில் நீங்கள் ஒரு காபியைச் சூடாகக் குடிக்கலாம்.

இனி அந்த அழைப்பு மணி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது நுனிக்காலில் நடக்கும் அந்தக் குழந்தைதான். ஜெர்மனியில் இரவு பத்து முதல் காலை ஆறு மணி வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி காப்பது வழக்கம். பல குடியிருப்புகளின் வீட்டு விதிகளில் மதியம் ஒன்று முதல் மூன்று மணி வரையும் அமைதி நேரம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அதே நாட்டில்தான், மழலையர் பள்ளிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் எழும் குழந்தைகளின் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதக் கூடாது என்று 2011-ல் சட்டத்தையே திருத்தினார்கள். வீடுகளிலும் சிறு குழந்தைகளின் இயல்பான சத்தத்தை அக்கம்பக்கத்தார் ஓரளவு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அங்குள்ள பொதுவான நிலைப்பாடு. உங்கள் குழந்தைகள் குற்றம் எதுவும் செய்யவில்லை. அமைதி நேரத்தை மட்டும் கவனத்தில் வைத்து, அப்போது வெளியே செல்லுங்கள், அல்லது படம் வரைவது, தூங்குவது என்று வையுங்கள். கூடத்தில் ஒரு தடித்த விரிப்பைப் போட்டு, பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் அணியும் மென்மையான செருப்பு வாங்கிக் கொடுங்கள். மற்ற நேரங்களில் அவர்கள் காலை முழுதாக ஊன்றி நடக்கட்டும்.

பிறகு ஒரு நாள், மகள் வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவளோடு கீழே சென்று அந்த அம்மையாரின் கதவைத் தட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள், ஆகஸ்ட் இறுதி வரை இருப்போம் என்று சொல்லுங்கள், எந்த நேரச் சத்தம் அதிகம் தொந்தரவு தருகிறது என்று கேளுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் கைப்பேசியில் மொழிபெயர்த்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மாடிப்படியில் குறிப்பு எழுதி வைப்பது அங்கே சாதாரணம். அவர் மனம் இளகுவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மணி அடித்தது யார் என்று தெரியாத பயத்தைவிட, முகமும் பெயரும் உள்ள ஒரு மனிதரைப் பற்றிய கவலை உங்கள் மகளுக்குச் சிறியதாக இருக்கும்.

அடுத்த பத்தியைத் தயவுசெய்து உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

சகோதரரே, மனைவியையும் குழந்தைகளையும் பிரிய மனமில்லாமல் உடன் அழைத்து வந்ததும், வார இறுதிகளில் ஓய்வெடுக்காமல் ஊர் காட்டுவதும் உங்கள் அன்பைத்தான் காட்டுகின்றன. ஆனால் உங்கள் மனைவிக்குத் தேவைப்படுவது ரைன் அருவி அன்று. தினமும் தனக்கென்று இரண்டு மணி நேரம். ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊரில் அது எளிது. பணி முடிந்து வந்ததும் இரு குழந்தைகளையும் நீங்கள் மட்டும் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் நடக்கட்டும், மியூன்ஸ்டர் சதுக்கத்தில் உள்ள நகர நூலகத்தில் உட்காரட்டும், அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். படுக்கை வேளையில் பாதியையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அருகில் ஓரிடத்துக்குப் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை கடைகளே மூடியிருக்கும் நாட்டில், நீங்களும் வீட்டில் இருங்கள். "ஏன் அனுபவிக்க மறுக்கிறாய்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இன்று எந்த நேரம் மிகவும் கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள்.

சகோதரி, உங்களுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். ஜெர்மன் நகரங்களில் உள்ள குடும்ப மையங்களிலும் தேவாலயங்களைச் சார்ந்த கூடங்களிலும் சிறு குழந்தைகளின் பெற்றோர் வாரம் ஒருமுறை கூடுவது வழக்கம். பலவற்றுக்கு முன்பதிவும் தேவையில்லை. விருந்தினர் ஆய்வாளர்களின் குடும்பங்களுக்கு உதவவென்றே பல ஆய்வு நிறுவனங்களில் ஒரு அலுவலர் இருப்பார். அவரிடம் கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள். முதல் முறை போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. குழந்தைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது வெறும் ஊர் நினைவு ஆகாது, மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ குழந்தைகளையோ துன்புறுத்திவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும், கணவரை உடனே அழைத்துச் சொல்லுங்கள். அவசரமென்றால் 112 என்ற எண் அங்கே எப்போதும் இயங்கும்.

முன்கூட்டியே திரும்புவதா என்பதை இரவு பத்தரை மணிக்கு முடிவு செய்யாதீர்கள். மேற்சொன்ன மாற்றங்களை ஓரிரு வாரங்கள் செய்து பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு காலையில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் போவதே நல்லது என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள்; அது தோல்வி ஆகாது, உறவினர்களுக்கு நீண்ட விளக்கமும் தேவையில்லை. ஆனால் மகளுக்கு ஒரு வாரம் முன்பாவது சொல்லுங்கள். நாம் எந்த நாளில் விமானம் ஏறுவோம், அப்பா எந்த நாளில் பின்னால் வருவார் என்ற இரண்டையும் நாட்காட்டியில் அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். அவள் படுக்கையை நனைத்ததாலோ, அவள் அழுததாலோ திரும்பவில்லை என்பதையும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.