சிவப்பு விளக்கு காட்டினால் காயம் சீக்கிரம் ஆறுமா?

காசிமேட்டில் மீன் வெட்டும் அம்மாவுக்கு விரலில் கத்தி பட்டுவிட்டது, ஆன்லைனில் விற்கும் சிவப்பு விளக்கை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கு முழுப் பொய்யில்லை. ஆனால் அம்மாவுக்கு இப்போது அது வேண்டாம்.

1960களில் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள் மேல் வலுக்குறைந்த, சிவப்பு ஒளி தரும் ரூபி லேசரைக் காட்டினார். புற்றுநோய் வருமா என்று பார்க்கப் போனவருக்குத் தெரிந்தது, முடி வேகமாக முளைத்ததுதான்! அப்புறம் ஆறாத புண்களுக்கும் காட்டிப் பார்த்தார்.

630 முதல் 670 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கும். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உறிஞ்ச, செல்லின் எரிபொருளான ஏடிபி உற்பத்தி கூடுகிறது என்பதே பரவலான விளக்கம். தோலைக் கட்டும் புரதமான கொலாஜனை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அதனால் சுறுசுறுப்பாகும். ஆனால் இது குழம்புக்கு உப்பு மாதிரி; அளவு மீறினால் அதே ஒளி செல்லை மந்தமாக்கும். மலிவு விளக்குகளில் அந்த அளவை யார் பார்ப்பது?

நீல ஒளி வேறு கதை. முகப்பருக் கிருமியைக் கொல்லும். நம் மாநிறத் தோலில் கருமையும் படியவைக்கலாம்.

அம்மாவின் விரல் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரிலும் செதிலிலும் ஊறுகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, கட்டி, ஈரம் படாமல் சில நாள் விடுங்கள். டிடி ஊசி போட்டாயிற்றா? சர்க்கரை இருந்தாலோ விரல் வீங்கினாலோ நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.