எடுத்ததா, போட்டதா? மீன் தொழிலில் புழங்கும் ஆங்கில வினைகள்

இறால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அட்டையில் 'ஷெல்டு' என்று இருந்ததை ஓட்டோடு உள்ள இறால் என்று நினைத்து வேறு பக்கம் அடுக்கச் சொல்லிவிட்டேன். 'ஷெல்' என்றால் ஓடுதானே?
– வாசகி, தங்கச்சிமடம்

ஓடுதான். ஆனால் 'ஷெல்டு' என்றால் ஓடு எடுத்தது. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதல்ல. தமிழில் யோசிக்கிற எல்லோருக்கும் வரும். நாம் செதில் எடு, தோல் உரி, உப்புப் போடு, ஐஸ் போடு என்று சொல்கிறோம். என்ன செய்ய வேண்டும் என்பதை 'எடு', 'போடு' என்கிற சொல் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, பொருளின் பெயரை அப்படியே வினையாக்கிவிடுவார்கள். எடுப்பதா, போடுவதா என்பதை நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். அந்தப் பொருள் மீனோடு கூடப் பிறந்ததா, வெளியிலிருந்து வருவதா? கூடப் பிறந்தது என்றால் எடுப்பது. 'ஸ்கேல்' செதில் எடுப்பது, 'போன்' முள் எடுப்பது, 'ஸ்கின்' தோல் உரிப்பது, 'கட்' (ஜி, யு, டி என்று எழுதுவது) குடல் எடுப்பது. வெளியிலிருந்து வருவது என்றால் போடுவது. 'சால்ட்' உப்புப் போடுவது, 'ஐஸ்' ஐஸ் போடுவது, 'ஆயில்' எண்ணெய் பூசுவது.

ஏற்றுமதி அட்டைகளில் அடிக்கடி காலை வாருகிற சொல் 'ஹெட்டட்'. 'ஹெட்டட் அண்ட் கட்டட்' என்று சீலாப் பெட்டியில் இருந்தால் தலையையும் குடலையும் எடுத்த மீன் என்று பொருள். தலையோடு இருக்கிறது என்று நினைத்து எடை போட்டால் கணக்கு முழுவதும் தவறும். தலையோடு இருப்பதற்கு 'ஹெட் ஆன்', ஓட்டோடு இருப்பதற்கு 'ஷெல் ஆன்'. 'எச்எல்எஸ்ஓ' என்றால் தலை நீக்கி ஓட்டோடு உள்ள இறால். 'பியுடி' ஓடு உரித்து நரம்பு எடுக்காதது. 'பிடி' இரண்டும் எடுத்தது. (அந்த நரம்பு உண்மையில் நரம்பே அல்ல. முதுகில் ஓடும் இறாலின் குடல் அது. ஆங்கிலத்திலும் அதை ரத்தக்குழாய் என்று பெயரிட்டு 'டீவெயின்' என்கிறார்கள்.)

இதில் ஒரு விலக்கு உண்டு. 'ஹார்ட்-ஷெல்டு கிராப்' என்றால் ஓடு எடுத்த நண்டு அல்ல, கெட்டியான ஓடுள்ள நண்டு. 'லாங்-டெயில்டு' என்றால் வால் நீண்டது. முன்னால் ஒரு அடைமொழி இணைகோடு போட்டு ஒட்டியிருந்தால் அது 'உள்ளது' என்று பொருள்படும். தனியாக நின்றால் 'எடுத்தது'. நீங்களே அட்டை எழுதும் நிலை வந்தால் 'ஷெல்டு' என்று எழுதாதீர்கள். 'பீல்டு' அல்லது 'ஷெல் ஆன்' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

வலை பற்றிய பயிற்சிக் கையேட்டில் 'கில்டு' என்றால் மாட்டிய மீன் என்கிறார்கள். சூரை வாங்குகிற கம்பெனியில் 'கில்டு' என்றால் செவுள் எடுத்தது என்கிறார்கள். எது சரி?
– வாசகர், பாம்பன்

இரண்டும் சரி. யார் கையில் மீன் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். செவுள்வலையில் மீனின் தலை கண்ணிக்குள் நுழைந்துவிடும், உடம்பு நுழையாது. பின்வாங்கும்போது நூல் செவுள் மூடியில் சிக்கிக்கொள்ளும். இப்படிச் சிக்கியதுதான் வலைக்காரர் சொல்லும் 'கில்டு'. இங்கே செவுள், மீனைப் பிடிக்க உதவிய உறுப்பு. உடம்பின் நடுப்பகுதி கண்ணியில் இறுகி மாட்டினால் 'வெட்ஜ்டு' என்றும், பல்லிலோ துடுப்பிலோ நூல் சுற்றிச் சிக்கினால் 'டேங்கிள்டு' என்றும் அதே கையேட்டில் பார்க்கலாம்.

கரைக்கு வந்து கத்தி வைத்தபின் 'கில்டு அண்ட் கட்டட்' என்றால் செவுளும் குடலும் நீக்கியது. சூரையில் இது முக்கியம். மீன் கெடுவதற்குக் காரணமான கிருமிகள் அதிகம் தங்குவது செவுளிலும் குடலிலும்தான். பிடித்ததும் எடுத்துவிட்டால் சதை கூடுதல் நாள் தாங்கும்.

பெட்டியில் ஐஸ் போட்ட மீனை 'ஃப்ரோஸன் ஃபிஷ்' என்று பில்லில் எழுதலாமா?
– வாசகர், மண்டபம்

எழுதக் கூடாது, அது வேறு சரக்கு. 'ஐஸ்டு' என்றால் ஐஸில் வைத்தது, மீன் 0 டிகிரியை ஒட்டி இருக்கும், சதை உறையாது. 'ஃப்ரோஸன்' என்றால் உள்வரை உறைந்து மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழோ வைத்திருப்பது. வாங்குகிறவர் ஃப்ரோஸன் என்று நம்பி ஃப்ரீஸரில் போட்டால், வீட்டு ஃப்ரீஸரில் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உண்டாகிச் சதையைக் கிழிக்கும். இளகும்போது நீர் விட்டு மீன் தொளதொளவென்று ஆகிவிடும். அவர் குறை சொல்வது உங்கள் மீனைத்தான்.

'ஐஸ்டு' என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்கு ஏற்ற வேலையும் நடந்திருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் என்பது கணக்கு. கட்டியாகப் போட்டால் மீனைச் சரியாகத் தொடாது, முனை குத்திச் சதை நசுங்கும். உடைத்துத்தான் போட வேண்டும். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்க வேண்டும். குடல் எடுத்த மீனை வயிறு கீழே பார்க்க வைத்தால் உருகிய தண்ணீர் வயிற்றுக்குள் தேங்காது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருப்பதும் அவசியம்.

இதையொட்டி இன்னொன்று. 'சால்ட்டட்' வேறு, 'சால்ட்டி' வேறு. முதலாவது உப்புப் போட்டுப் பதப்படுத்தியது. 3 அல்லது 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு என்று போட்ட கருவாடு இந்த வகை. இரண்டாவது, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது என்கிற குறை. கருவாட்டு அட்டையில் 'சால்ட்டி ஃபிஷ்' என்று அச்சடித்தால் நம் சரக்கை நாமே குறை சொன்னதாகும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தது 'ப்ரைன்டு'.

வளைகுடா வேலைக்கான ஒப்பந்தத்தில் சம்பளம் 'டாக்டு' ஆகும் என்று ஒரு வரி இருக்கிறது. சம்பளம் வங்கியில் வந்து சேரும் என்று ஏஜென்ட் விளக்கம் சொல்கிறார்.
– வாசகர், கீழக்கரை

தவறான விளக்கம். பிடித்தம் செய்யப்படும் என்பதே பொருள். துறைமுக 'டாக்' வேறு. கப்பலுக்கு அது வினையாக வந்தால் துறை அணைவது. சம்பளத்துக்கு வருகிற 'டாக்' விலங்கின் வால் தண்டைக் குறித்த பழைய பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. வாலைக் கத்தரித்துக் குட்டையாக்குவது என்பது கூலியைக் குறைப்பதற்கும் ஆகிவந்தது. எழுத்து ஒன்று, வேர் இரண்டு. எந்தக் காரணத்துக்கு, எத்தனை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்பதை அதே ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சான்றிதழ் பற்றிய பகுதியில் 'டாக்டர்டு' என்று இருந்தாலும் மருத்துவரை நினைக்காதீர்கள். திருத்தி மோசடி செய்தது என்று பொருள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று நாமே பேனாவால் திருத்துவதும் அதற்குள் வந்துவிடும். 'நர்ஸ்' என்ற சொல் வினையாகும்போது பராமரிப்பது என்று நல்ல பொருள் தருகிறது. 'டாக்டர்' மட்டும் இப்படிக் கெட்டுப்போனது.

மீன்வளப் புள்ளிவிவரத்தில் 'லேண்டிங்ஸ்' என்று வருவதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
– ஆசிரியை, தேவிபட்டினம்

கரைக்கு வந்து இறங்கிய மீனின் அளவு. 'லேண்ட்' என்கிற நிலத்தின் பெயர் வினையாகி, நிலத்தில் சேர்ப்பது என்றானது. கடலில் பிடித்தது எல்லாம் இதில் வராது. விலை போகாது என்று கடலிலேயே கொட்டிவிட்டு வந்த கழிவு மீன் 'கேட்ச்' கணக்கில் உண்டு, 'லேண்டிங்ஸ்' கணக்கில் இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுங்கள். பாடநூலை விட இது பயன்படும். வத்தைப் படகைத் தள்ளிக் கரையேற்றுவது 'பீச்'. தரைதட்டி அகப்பட்டுக்கொள்வது 'ஸ்ட்ராண்ட்'; அதுவும் கடற்கரையைக் குறித்த பழைய பெயர்தான்.

குண்டு மிளகாயை 'சீடட்' என்று விற்றால் விதையோடா, விதை இல்லாமலா?
– வாசகர், சாயல்குடி

விதை எடுத்தது என்று சமையல்காரர் புரிந்துகொள்வார். ஆனால் வயலுக்கு 'சீடட்' என்றால் விதைத்தது. கடற்பாசி வளர்ப்பில் மூங்கில் மிதவைக்கும் அப்படித்தான், விதைத் துண்டுகளைக் கயிற்றில் கட்டி முடித்தது. விதை மிளகாயோடு கூடப் பிறந்தது, நிலத்துக்கு வெளியிலிருந்து வருவது. முதல் பதிலில் சொன்ன கேள்வியே இங்கும் விடை தரும். 2023-இல் இந்தக் குண்டு மிளகாய்க்கு 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர் வியாபாரிகளோடு எழுத்துப் போக்குவரத்து கூடும். விதை எடுத்ததற்கு 'டீசீடட்', காம்பு எடுத்ததற்கு 'ஸ்டெம்லெஸ்', காம்போடு உள்ளதற்கு 'வித் ஸ்டெம்' என்று எழுதுங்கள்.

இந்த வினைகளை இறந்த காலத்தில் எழுதும்போது எழுத்து எப்போது இரட்டிக்கும்?
– கல்லூரி மாணவர், தொண்டி

ஓரசைச் சொல்லில் ஒரே ஒரு உயிரெழுத்தும் அதன் பின் ஒரே ஒரு மெய்யெழுத்தும் முடிவாக இருந்தால் கடைசி எழுத்து இரட்டிக்கும். 'நெட்', 'கட்', 'ஸ்கின்', 'ஷிப்' எல்லாம் இந்த வகை. 'பெய்ட்', 'ஹுக்' இவற்றில் உயிரெழுத்து இரண்டு, 'சால்ட்' என்பதில் கடைசியில் மெய் இரண்டு, இவை இரட்டிக்காது. 'போன்', 'ஸ்கேல்', 'ஐஸ்' ஆகியவற்றின் கடைசியில் ஏற்கெனவே இ எழுத்து இருப்பதால் டி மட்டும் சேர்த்தால் போதும்.

சங்கு குளிப்பவர்கள் பற்றிய கட்டுரைகளில் மாணவர்கள் தவறாமல் செய்கிற பிழை 'ப்ரெத்'. அது மூச்சு என்ற பெயர். மூச்சுவிடு என்ற வினைக்குக் கடைசியில் இ சேரும். உச்சரிப்பும் 'ப்ரீத்' என்று நீளும். 'பாத்', 'க்ளாத்' ஆகிய பெயர்களும் இப்படியே இ சேர்த்து 'பேத்', 'க்ளோத்' என்று வினையாகும்.