பையில் அடங்குகிற லேப்டாப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பஸ். கடைக்காரர், “அதே விலைதாம்மா, 15.6 இன்ச்சே எடுத்துக்குங்க, பெரிய ஸ்கிரீன்” என்கிறார். அவளோ 14 இன்ச்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, எண்ணூர்

பதில்: மகள் சொல்வதை. கடை மேசையில் திறந்து வைத்திருக்கும்போது பெரியதுதான் எடுப்பாகத் தெரியும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ரயில் நெரிசலில் நிற்கப்போவது அவள்தானே.

இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. வழக்கமான 16:9 திரையில் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 14 இன்ச் என்றால் அகலம் 31 செ.மீ., உயரம் 17.4 செ.மீ. 15.6 இன்ச்சில் அது 34.5, 19.4. இரண்டுமே 1920×1080 புள்ளிகள் (பிக்சல்) என்றால் திரையில் கொள்ளும் விஷயம் ஒன்றேதான். எழுத்து சற்றுப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். கோடிங் எழுதுகிறவர்களுக்கு அகலத்தைவிட உயரம்தான் உதவும். எனவே 16:10 திரை, அதாவது 1920×1200 உள்ள 14 இன்ச் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஐந்தாறு வரிகள் கூடுதலாகத் தெரியும். 1366×768 என்று போட்டிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எடை 14 இன்ச்சில் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 கிலோ, 15.6 இன்ச்சில் 1.6 முதல் 1.9 கிலோ. கால் கிலோ, அரை கிலோ பெரிய விஷயமா என்று தோன்றலாம். சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அதே பையில்தான் போகின்றன. கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து 32×22 செ.மீ.யில் ஒரு துண்டு, 36×24 செ.மீ.யில் ஒரு துண்டு வெட்டுங்கள். ஏறக்குறைய இரண்டு லேப்டாப்களின் உடல் அளவு அது. மகளின் வழக்கமான சாமான்களோடு ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துப் பாருங்கள். பெரிய அட்டையின் மூலை ஜிப்பில் இடிக்கும் பை என்றால், ரயிலிலும் அந்த மூலைதான் அடி வாங்கும். வகுப்பில் எழுதுபலகை ஒட்டிய நாற்காலி என்றால் அந்தப் பலகைமேலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெரிசலில் திரை உடைவது பெரும்பாலும் கீழே விழுந்து அல்ல, அழுத்தத்தால். இப்போது வரும் மாடல்களில் திரையைச் சுற்றியுள்ள விளிம்பு மெல்லியது. சார்ஜர் கட்டியை மூடியோடு ஒட்டி வைத்து, மேலே நாலு பேர் சாய்ந்தால் திரையில் கோடு விழும். சார்ஜர் பையின் வேறு அறையில் இருக்கட்டும். லேப்டாப்பின் மூடி முதுகுப் பக்கம், அடிப்பாகம் புத்தகப் பக்கம். மழைக்காலத்தில் பைக்கு உறை போதாது, உள்ளே தடித்த பிளாஸ்டிக் கவர் ஒன்றும் வேண்டும்.

வாங்கும்போது இரண்டு சோதனை. திரையைப் பின்னால் சாய்த்து, கீழிருந்து பாருங்கள். நிறம் தலைகீழாகவோ கறுத்தோ போனால் அது டி.என். என்ற மலிவு வகைத் திரை; எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகை கேளுங்கள். திரை வெளிச்சம் 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்தும் படிக்கலாம். பேட்டரியை மணிக்கணக்கில் சொல்வதை நம்பாமல், அதன் கொள்ளளவான வாட்-அவர் கேளுங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, வேலையின்போது 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் வரும். டைப்-சி சார்ஜிங் இருப்பது நல்லது, சார்ஜர் சிறிதாகும்.

கேள்வி: தம்பி பி.காம்., பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி, வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவான். டேலி, எக்செல் வேலைதான். அவனுக்கும் 14 தானா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அவனுக்கு 15.6 சரி. டேலியில் வவுச்சர் போடும் கைக்கு வலதுபக்க எண்பலகை வேண்டும். எல்லா 15.6 மாடலிலும் அது இருப்பதில்லை; படத்தை அல்ல, விசைப்பலகையையே பாருங்கள். சிலவற்றில் எண்பலகை குறுகலாக, பூஜ்யம் ஒற்றை விசையாக இருக்கும். பத்து வவுச்சர் தட்டிப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். எண்பலகை இருப்பதால் எழுத்துவிசைகள் இடப்பக்கம் தள்ளியிருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். 14 இன்ச்தான் பிடித்திருக்கிறது என்றால் யு.எஸ்.பி. எண்பலகை தனியாகக் கிடைக்கும், விலை சில நூறு ரூபாய்தான்.

15.6 மாடல்களில் ராம் (வேலை நினைவகம்) கூட்ட இடம் விட்டிருப்பது அதிகம். மெல்லிய 14 இன்ச்சில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பிறகு மாற்ற வழியில்லை. கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ், மெமரி போய் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் பின்னால் இன்னொன்று போடலாம். பற்றவைத்ததையும் சில மாடலில் ஸ்லாட் என்றே காட்டும், அதனால் மாடல் விவரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: 14 இன்ச் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இரவில் படித்தால் கண் வலிக்கிறது, கழுத்தும் வலிக்கிறது. தவறாக வாங்கிவிட்டேனா? வீடு சின்னது, மேசை போட இடமில்லை.
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: லேப்டாப்பில் தவறில்லை. டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேல் 125 என்றிருந்தால் 150 ஆக்குங்கள். நாலைந்து தடித்த புத்தகங்கள்மேல் லேப்டாப்பை வைத்து, திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும்; தட்டச்சுக்குத் தனிக் கீபோர்டு. கழுத்துவலிக்கு இது போதும். கண் வலி நீடித்தால் பவர் சோதித்துப் பாருங்கள்.

கையில் காசு சேரும்போது 24 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கி சுவரில் மாட்டுங்கள். திரை சுமார் 53×30 செ.மீ.தான், காலண்டர் இடம். பின்னால் 100×100 மி.மீ. அல்லது 75×75 மி.மீ. தொலைவில் நான்கு திருகுத் துளைகள் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். சில மலிவு மாடலில் இருக்காது. எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று போதும். செங்கல் சுவரில் சிமென்ட் பூச்சு உதிர்ந்தால் பிடிப்பு நிற்காது, திருகு பிடிக்க ஆழமான சுவர் பிளக் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: 11.6 இன்ச் குரோம்புக் மலிவாக வருகிறதே, போதுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: குரோம்புக் என்பது விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓ.எஸ். ஓடும் லேப்டாப். நோட்ஸ் எடுக்க, மெயில் பார்க்கப் போதும். டேலி, ஆட்டோகேட் போன்ற விண்டோஸ் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. பாடத்திட்டத்தில் அவை இருந்தால் வேண்டாம்.