பேட்டரியை மாற்றச் சொன்னவர் அளந்து பார்த்தாரா?

கேள்வி: ஓரிரு நாள் நிறுத்தி வைத்தாலே கார் செல்ஃப் எடுப்பதில்லை, 'டக் டக்' சத்தம்தான் வருகிறது. எட்டு மாதத்துக்கு முன்தான் புது பேட்டரி போட்டேன். மெக்கானிக் மறுபடியும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எத்தனை வோல்ட் வந்தது என்று முதலில் அவரிடம் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அவர் ஊகத்தில் சொல்கிறார். அந்த ஊகத்துக்கு நீங்கள் ஏன் ஐயாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்?

நான் கொடுத்திருக்கிறேன். என் பழைய காருக்குப் பத்து மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கினேன். இரண்டு முறையும் கடைக்காரர் மீட்டரை எடுக்கவே இல்லை. "செல் போயிடுச்சு சார்" என்றார், நானும் நம்பினேன். மூன்றாவது முறை வந்த வயதான எலெக்ட்ரீஷியன் டிக்கியைத் திறந்ததும் உள்ளே இருந்த சின்ன பல்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் சுட்டது. டிக்கியை மூடினாலும் அந்த விளக்கு அணையவில்லை, சுவிட்ச் உடைந்திருந்தது. 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி (பேட்டரியில் உள்ள சார்ஜை அளக்கும் அளவு இது). 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். கடையில் நான் விட்டு வந்த இரண்டு பேட்டரியும் நல்ல பேட்டரிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. காரை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் அறைகளில் ஒன்று, அதாவது ஒரு செல், போய்விட்டது. அப்போது மாற்றுங்கள், நானே சொல்கிறேன்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு அளக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வரும். 12.5-லேயே நின்றால், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா, கையால் திருப்பினால் கிளாம்ப் ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரும் ஒரு பழைய டூத் பிரஷும் போதும், பலருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால், நிறுத்தி வைத்த காரில் ஏதோ கரண்டை இழுக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியருக்கு வைத்து, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் இணையுங்கள். கதவை மூடி அரைமணி நேரம் பொறுங்கள். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரமாகும். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கேள்வி: கார் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே நிற்கிறது. தினமும் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதுமா? (சென்னை வாசகர்)

பதில்: போதாது. ஸ்டார்ட் செய்ய இழுத்த சார்ஜ்கூட முழுதாகத் திரும்பாது. வாரம் ஒரு முறை அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

கேள்வி: வாங்கிய பேட்டரி பதினோரு மாதத்தில் போய்விட்டது. வாரண்டி கார்டில் கடை முத்திரை இல்லை என்று மாற்றித் தர மறுக்கிறார்கள். பில் இருக்கிறது. அப்பாவின் டயாலிசிஸுக்கு இந்தக் கார்தான். (மதுரை வாசகி)

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை அம்மா. கார்டில் முத்திரை வைக்க வேண்டியவர்கள் அவர்கள். தங்கள் வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு அதையே காரணமாகக் காட்டுவது ஏமாற்று வேலை. பில்லில் பேட்டரியின் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். பில், பேட்டரி மேலுள்ள நம்பர் இரண்டையும் படம் எடுத்து, கடையை விட்டுவிட்டு, தயாரித்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

வாரண்டி பேச்சு வந்ததால் எல்லோருக்குமாக ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். '48 மாத வாரண்டி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கார்டைத் திருப்பினால் 24+24 என்று இருக்கும். முதல் 24 மாதம்தான் இலவச மாற்று. மீதி 24-இல் புது பேட்டரியின் விலையில் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவே. அந்தத் தள்ளுபடியும் பெட்டி மேல் போட்ட விலையில் கணக்காகும். அச்சிட்ட விலை 6,000, கடையில் பழைய பேட்டரியை வாங்கிக்கொண்டு 4,800-க்கு எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாரண்டியில் 20 சதவீதத் தள்ளுபடி என்றால் அதுவும் 4,800தான். பழைய பேட்டரியையும் வாங்கிக்கொள்வார்கள். வாரண்டியால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. இதைக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் பெட்டி மேலேயே போட வேண்டும். நீங்களும் மொத்த மாதத்தை விட்டுவிட்டு, கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பாதி விலைக்குப் பில் இல்லாமல் பேட்டரி வாங்கினேன். ஆம்ப்ளிஃபையர், இரவெல்லாம் ஓடும் டேஷ்கேம், ஜிபிஎஸ் மூன்றும் மாட்டியிருக்கிறேன். இப்போது சார்ஜ் நிற்கவில்லை. நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா? (கோவை வாசகர்)

பதில்: எந்த நிறுவனத்தின் மேல்? பில் இல்லாமல் யாரிடம் வாங்கினீர்கள் என்பதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? முதலில் அந்த மூன்றையும் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். பில் வாங்கச் சொல்லி இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதியாகிவிட்டது!

கேள்வி: சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் கார். சாதாரண பேட்டரி விலை குறைவாக இருக்கிறதே, போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. அந்தக் காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகை பேட்டரிதான். பழைய பேட்டரி மேல் எது எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள்.