ஹோலஷோவிட்சே: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

செக் நாட்டின் தெற்கு பொஹீமியா போய்வந்தது பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் ஹோலஷோவிட்சே என்ற சின்ன ஊரைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. ‘எழுநூறு ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஊர்’ என்று எழுதியிருந்தீர்கள். படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1520களில் கொள்ளைநோய் வந்து ஊரே அழிந்துவிட்டது, அப்புறம் ஜெர்மன் பேசுகிறவர்கள் வந்து குடியேறினார்கள், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அவர்களையும் வெளியேற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. இரண்டு முறை ஆளில்லாமல் போன ஊரை மாறாத ஊர் என்று எப்படிச் சொன்னீர்கள்?

நான் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அங்கே உண்மையில் மாறாமல் இருப்பது எது? இருநூறு பேர்கூட இல்லாத ஊரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது வீட்டு முகப்புகளின் அழகுக்காக மட்டும்தானா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அந்த வரி தப்பு. எழுதும்போது கண்ணில் இருந்தது வீடுகள் மட்டும்தான். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் யாரும் இன்று அங்கே இல்லை என்பதை நான் படித்திருந்தும் எழுதாமல் விட்டேன். அவர்களுக்கு அது அநியாயம். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் இடம். செஸ்கே புத்யெயோவிட்சே நகரத்துக்கு மேற்கே பதினைந்து, பதினாறு கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். அந்த வட்டாரம் தாழ்வான, தண்ணீர் தேங்கும் சமவெளி. தெற்கு பொஹீமியாவில் எங்கே திரும்பினாலும் ஏரிதான். பெரும்பாலும் கெண்டை மீன் வளர்ப்பதற்காக மனிதர்களே கரை கட்டி உண்டாக்கியவை. ஹோலஷோவிட்சேக்குத் தெற்கே ப்ளான்ஸ்கி காடு மேடேறிப் போகிறது. அதன் உச்சி க்லெத், 1084 மீட்டர். அதற்கும் தெற்கே போனால் ஆஸ்திரியா. தென்மேற்கே ஷுமாவா மலைகளைத் தாண்டினால் ஜெர்மனியின் பவேரியா. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஊருக்கு நடுவே ஒரு பெரிய புல்திடல். ஏறக்குறைய 210 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அதில் ஒரு குளம், ஒரு கொல்லன் பட்டறை, 1755இல் கட்டிய ஒரு சிறிய ஜெபக்கூடம். திடலைச் சுற்றி நான்கு பக்கமும் வீடுகள். எல்லா வீடும் திடலைப் பார்த்துத்தான் நிற்கின்றன. மனை முன்பக்கம் குறுகல், பின்பக்கம் நீளம். முன்னால் வீடு, உள்ளே முற்றம், முற்றத்தின் கடைசியில் வைக்கோலும் கதிரும் போடும் கொட்டாரம், அதற்குப் பின்னால் தோட்டம், அதைத் தாண்டி வயல். ஏன் இப்படி ஒடுக்கமாக அளந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திடலும் தண்ணீரும் எல்லாருக்கும் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்றால் முகப்பைக் குறுக்கித்தான் ஆகவேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவில் காட்டைத் திருத்தி ஊர் போட்டவர்களின் அளவு இது.

ஊரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது 1263இல். 1292இல் அரசர் இரண்டாம் வாட்ஸ்லாவ் ஊரை விஷ்ஷீ ப்ரோத் மடத்துக்குக் கொடுத்தார். 1259இல் தொடங்கிய, சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகளின் மடம் அது, ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் வல்தாவா ஆற்றங்கரையில் இருக்கிறது. அன்றிலிருந்து 1848 வரை, ஐந்தரை நூற்றாண்டு, ஹோலஷோவிட்சே மடத்தின் சொத்து.

நீங்கள் குறிப்பிட்ட கொள்ளைநோய் 1520க்கும் 1525க்கும் இடையில் வந்தது. இரண்டே பேர் பிழைத்தார்கள் என்கிறது ஊர் வரலாறு. ஊரின் வடபக்கம் அதற்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. உழ ஆளில்லாத நிலத்தால் மடத்துக்கு என்ன வருமானம் வரும்? அதனால் துறவிகள் ஆஸ்திரியாவிலிருந்தும் பவேரியாவிலிருந்தும் குடியானவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். 1530இல் ஊரில் கணக்குக்கு வந்தவர்கள் 17 பேர்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வந்தவர்கள் ஊரைப் புதிதாகப் போடவில்லை. செத்துப்போனவர்களின் மனைகளிலேயே குடியேறினார்கள். அதே திடல், அதே குறுகல் முகப்பு, அதே நீளம். ஊரின் பெயரைக்கூட மாற்றவில்லை. ‘ஓவிட்சே’ என்று முடியும் செக் ஊர்ப்பெயர்கள் பொதுவாக ஒரு மனிதனின் பெயரிலிருந்து வந்தவை, இன்னாரின் ஆட்கள் இருக்கும் இடம் என்று பொருள். அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஹோல்ஷோவிட்ஸ் என்று சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சுற்றிலும் செக் ஊர்கள், நடுவில் ஜெர்மன் பேசும் இந்த ஊர். 1895ஆம் ஆண்டுக் கணக்கில் ஜெர்மானியர் 157 பேர், செக் மக்கள் 19 பேர்.

இனி அந்த முகப்புகள். திடலைப் பார்த்த ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் அநேகமாக இரண்டு முக்கோண முகப்புகள், நடுவில் வளைவு வைத்த பெரிய வாசல். ஒரு பக்கம் குடும்பம் இருக்கும் வீடு. மறுபக்கம் தானியக் களஞ்சியம், அல்லது நிலத்தை மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்ட அப்பா அம்மா தனியாக இருந்துகொள்ளும் பகுதி. அந்த நாட்டுக் குடியானவர் குடும்பங்களில் பண்ணையைக் கைமாற்றும்போதே, பெரியவர்களுக்கு எந்த அறை, வருஷத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பால் என்றெல்லாம் எழுத்தில் போட்டுவிடுவார்கள். ஆக, தெருவில் நின்று பார்த்தாலே அந்தக் குடும்ப ஏற்பாடு தெரிந்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முகப்பின் விளிம்பு மணியைப் போல வளைந்து இறங்கும். வெள்ளை, மஞ்சள், இளநீலம் என்று பூச்சு. சுண்ணச்சாந்தில் பூவும் கோடும் கட்டிய வருஷமும் இருக்கும். பெரும்பாலான முகப்புகள் இன்றைய வடிவத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். வளைவும் அலங்காரமும் நிறைந்த பரோக் என்ற கட்டடப் பாணி நகரங்களில் எப்போதோ பழசாகிவிட்ட காலம் அது. கிராமத்துக் கொத்தனார்கள் மாதா கோயில்களிலும் மடங்களிலும் பார்த்த வளைவுகளைக் குடியானவன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1781இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். 1848இல் நிலக்கிழாருக்குக் கட்டாய உழைப்பு தருவதும் ஒழிந்தது. வேறொருவர் நிலத்தில் கூலியில்லாமல் பாடுபட்ட குடும்பம் தன் நிலத்துக்குத் தானே உரிமையாளர் ஆகும்போது, முதலில் வாசலை அழகுபடுத்தத்தான் தோன்றும். அதைக் குடியானவர் பரோக் என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு பெரிய நிம்மதி.

சரி, கடினமான பகுதிக்கு வருகிறேன். 1938 மியூனிக் ஒப்பந்தத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெர்மன் பேசும் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தார்கள். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராக் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. ஆறு வருஷ ஆக்கிரமிப்பில் செக் மக்கள் பட்டது கொஞ்சமில்லை. 1942 ஜூன் 10 அன்று லிடிட்சே என்ற ஒரே கிராமத்தில் 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள், பிறகு ஊரையே தரைமட்டமாக்கினார்கள். போர் முடிந்ததும் அந்தக் கோபம் நாட்டிலிருந்த ஜெர்மானியர் எல்லார்மேலும் திரும்பியது. 1945, 1946 ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஒழுங்காக ரயில் வைத்து அனுப்பியபோதும் ஒருவர் கொண்டுபோக அனுமதித்தது முப்பது, பிறகு ஐம்பது கிலோ மூட்டை. ஹோலஷோவிட்சே குடும்பங்களும் அதில் போனார்கள். கொள்ளைநோய்க்குப் பிறகு வந்து நானூறு வருஷத்துக்குமேல் அந்த மண்ணில் உழுதவர்கள். மூதாதையர் எந்த நாடுகளிலிருந்து வந்தார்களோ, அவற்றின் பக்கமே, அங்கே யாரையும் தெரியாத அகதிகளாகத் திரும்பினார்கள்.

ஆக்கிரமிப்பின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குற்றத்துக்கு ஒரு மொழி பேசுகிறவர்கள் எல்லாரையும் பொறுப்பாக்கி ஊரைவிட்டு அனுப்பியது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் ஒரு மூட்டைதான் என்றால், அது தண்டனைக் கணக்கில் வராது.

அவர்கள் போனபின் பல பண்ணைகள் பூட்டிக்கிடந்தன. 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து நிலம் கூட்டுறவுப் பண்ணைக்குப் போயிற்று. நாடு முழுக்க வரப்புகளை உழுது அழித்துப் பெரிய பெரிய வயல்களாக்கினார்கள். எல்லையோரம் ஆளில்லாமல் கிடந்த பல நூறு கிராமங்களை இடித்தே விட்டார்கள். ஹோலஷோவிட்சே தப்பியது. வசதி இருந்த ஊர்களில் 1960, 70களில் பழைய முகப்பை உடைத்துவிட்டு அகல ஜன்னலும் சிமென்ட் பூச்சுமாகப் புது வீடு கட்டினார்கள். இங்கே அப்படிக் கட்டப் பணத்தோடு யாரும் இல்லை. வீடுகள் பாழாகின, ஆனால் மாற்றப்படவில்லை. 1990க்குப் பிறகு புதிய தலைமுறை செக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தன. 1998இல் கியோட்டோவில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ ஊரைப் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காக மட்டும் சேர்க்கவில்லை. இரண்டு கட்டடக் கலை மரபுகள் ஒன்றாகக் கலந்து ஒரு பாணி உருவானதையும், மத்திய ஐரோப்பாவின் ஒரு கிராமம் திடலும் மனையும் கொட்டாரமுமாக முழுசாக மிஞ்சியதையும் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இப்படிச் சொல்கிறேன். மக்கள் இரண்டு முறை மாறினார்கள். மொழி மாறி மாறி வந்தது. சுவர்களும் முகப்புகளும் அவ்வளவு பழையவை அல்ல. மாறாமல் நின்றது மனையின் அளவு. இன்று அங்கே வீட்டைப் பழுதுபார்த்து வாழ்கிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன், அவர்கள் இல்லையென்றால் அந்தக் கூரைகள் எப்போதோ விழுந்திருக்கும். ஆனால் சாந்தில் பதித்த அந்த வருஷங்கள் வேறு குடும்பங்களுடையவை. இரண்டையும் சேர்த்து எழுதாத என் பத்தி அரைகுறை. அதைத் திருத்திவிட்டேன். ‘மனையளவு மாறாத ஊர்’ என்று போட்டு, வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி நான்கு வரி சேர்த்திருக்கிறேன்.

உங்கள் தொழில் தெரிந்ததால் ஒன்று சொல்கிறேன். அப்போது பொஹீமியாவை ஆண்ட ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சி 1817இல் ஆணை போட்டு, நில வரிக்காக நாடு முழுவதையும் புலம் புலமாக அளந்தது. பொஹீமியாவில் அந்த வேலை 1826இல் தொடங்கி 1843இல் முடிந்தது. அளவுகோல் 1:2880. ஏன் இந்த விசித்திரமான எண் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வியன்னா அடிக்கோலில் ஒரு க்ளாஃப்டர் என்பது 72 அங்குலம். படத்தில் ஒரு அங்குலம் தரையில் 40 க்ளாஃப்டர். அப்படியென்றால் படத்தில் ஒரு சதுர அங்குலம் 1600 சதுர க்ளாஃப்டர், அதுதான் அவர்களுடைய ஒரு யோஹ், ஏறக்குறைய 1.4 ஏக்கர். கையால் வண்ணம் தீட்டிய படங்கள். கல் கட்டடம் சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். செக் நில அளவை அலுவலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ஹோலஷோவிட்சே தாளை எடுத்து இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிவது திடலும் வீட்டு வரிசையும்தான். தோட்டத்துக்குப் பின்னால் எந்த வரப்பு பழசு, எது பிறகு போட்டது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்